வாங்க மறுத்தார், கதவில் ஒட்டினேன்

மேசைமேல் இருக்கும் மணியின் தலையில் இப்போதே ஒரு விரலை வைத்துக்கொண்டு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், முடிச்சூர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், பெரியவர் பத்ரிநாராயணன் அவர்களே! என்னைச் 'சட்ட மேதை' என்று அறிமுகம் செய்து, ஓய்வு பெற்றவனையும் ஒரு நிமிடம் உயரப் பறக்கவிட்ட தங்கை ஷர்மிளா அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து வீற்றிருக்கும் மூத்தோர்களே! மாலைத் தொடரை மனம் நோகாமல் தியாகம் செய்துவிட்டு மழலைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! சிறுசேரியில் மடிக்கணினியை மூடிவிட்டு, கேளம்பாக்கம் சாலையில் பாதி ஆயுளைக் கரைத்துவிட்டு, மீதி ஆயுளோடு வந்து நிற்கும் இளைஞர்களே! பந்தலுக்குப் பின்னால் சுண்டல் தாளிக்கும் வாசனையைக் கவனித்துக்கொண்டே, என்னையும் கவனிப்பதுபோல முகத்தை வைத்திருக்கும் அன்புச் செல்வங்களே! அத்தனை பேருக்கும் இந்தப் பூவராகன் தலை தாழ்த்துகிறேன்; வணங்குகிறேன்; வாழ்த்துகிறேன்.

தங்கை ஷர்மிளாவுக்கு ஒரு திருத்தம். நான் சட்ட மேதை அல்லன். சட்டக் கல்லூரியின் வாசற்படியை ஒரே ஒரு முறை மிதித்திருக்கிறேன். அதுவும் அங்கே இருந்த ஒரு பேராசிரியருக்குச் சம்மன் கொடுக்க. நான் நீதிபதி அல்லன். என்னைக் கண்டு யாரும் எழுந்து நின்றதில்லை. நான் வழக்கறிஞன் அல்லன். சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டுப் போடும் வீரம் எனக்கு இல்லை. பின் நான் யார்? நான் அமீனா!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். முப்பத்தொரு ஆண்டுகள் நான் நுழைந்த தெருக்களில் என்னைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை. நாய் குரைப்பதற்கு முன்னால் கதவு சாத்தும். 'அப்பா ஊர்ல இல்ல' என்று பிள்ளை சொல்லும். பிள்ளைக்குப் பின்னாலேயே அப்பாவின் செருப்பு இருக்கும். நீதிமன்றத்துக்குத் தலை நீதிபதி. நாக்கு வழக்கறிஞர். கை, எழுதிக் குவிக்கும் எழுத்தர். கால்? கோர்ட்டின் காகிதத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் அந்தக் கால்தான் நான்! தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு முன்சீப் கோர்ட்டின் கால். எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போகும் கதையில் என் தவறு ஒன்று வருகிறது; அதை ஒரு கட்டடத்தின் தலையில் ஏற்றிவிட்டு நான் சுண்டல் சாப்பிட விரும்பவில்லை.

'நீதிமன்றம் நடப்பது எப்படி?' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. எனக்குப் பிடித்த தலைப்பு. ஏன், எப்படி, எதற்கு என்று கேட்கும் நோய் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. கோர்ட்டில் சேர்ந்த முதல் நாளே கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டேன், 'சுத்தியல் எங்கே சார்?' சினிமாவில் நீதிபதி மேசையைத் தட்டி 'ஆர்டர், ஆர்டர்' என்பாரே, அந்தச் சுத்தியல்! முப்பத்தொரு ஆண்டுகள் தேடினேன், அன்பர்களே. நாற்காலியின் ஆணியை அடிக்க வந்த தச்சரிடம்தான் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் கோர்ட்டில் சுத்தியலும் இல்லை, 'ஆர்டர்' என்ற அலறலும் இல்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தால் போதும், மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அடுத்து என்ன கேட்டேன்? சிவில், கிரிமினல் என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அடுத்த வீட்டுக்காரர் உங்கள் மூக்கில் குத்தினால் அது குற்றவியல். உங்களுக்காக அரசாங்கமே வழக்கு நடத்தும், நீங்கள் சாட்சி. அதே அடுத்த வீட்டுக்காரர் மதில் சுவரை ஒரு முழம் உங்கள் பக்கம் நகர்த்தினால் அது உரிமையியல். நீங்கள்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். சுவரையும் நகர்த்தி மூக்கிலும் குத்தினால்? இரண்டு கோர்ட், இரண்டு வழக்கு! ஒன்றில் தோற்றவர் மேலே போகலாம்: முன்சீப்புக்கு மேல் சார்பு நீதிமன்றம், அதற்கு மேல் மாவட்டம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம், உச்சியில் உச்ச நீதிமன்றம். மாடி மாடியாக ஏன் கட்டினார்கள்? நீதிபதியும் மனிதர், மனிதர் தவறலாம் என்று கட்டினவர்களுக்கே தெரிந்திருந்தது. தன் தவறுக்கும் முன்கூட்டியே படிக்கட்டு கட்டி வைத்த ஒரு வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என்ன சார் கேட்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் வீட்டுப் பத்திரம் நனைந்துவிட்டது, கோர்ட் ஏற்குமா என்கிறார். இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்வி! உங்கள் பீரோவில் இருந்தது நனைந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு இருக்கிறது. சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா. நாளைக்கே போங்கள், அடுத்த மழை வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது என் கேள்வி. ஒருவர் கோர்ட்டுக்கு வருகிறார். 'இன்னார் என் இடத்தில் இருக்கிறார், காலி செய்து கொடுங்கள்' என்று எழுதிக் கொடுக்கிறார். அவருக்குப் பெயர் வாதி. கோர்ட் என்ன செய்யும்? உடனே நம்புமா? நம்பாது. பொய் என்று துரத்துமா? துரத்தாது. 'அப்படியா? அந்த இன்னாரைக் கூப்பிடு, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்போம்' என்னும். அந்தக் கூப்பிடுதலுக்குப் பெயர் சம்மன். கூப்பிடப்பட்டவர் பிரதிவாதி. கூப்பிடப் போகிறவன்? அடியேன்!

கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பம். அங்கே முத்தாலம்மாள் என்று ஒரு அம்மா. விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் விற்று, மத்தியானத்துக்குள் வீடு திரும்புகிறவர். அவருக்கென்று இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வீடு. இரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தாய் விட்டுப் போனது. அந்த வீடு தனக்குச் சேர வேண்டியது என்று அவருடைய தாய்மாமன் மகன் கன்னியப்பன் வழக்குப் போட்டார். கெட்டவரா கன்னியப்பன்? இல்லை. 'எங்க அப்பா இருக்கச் சொன்ன இடம், எழுதிக் குடுத்த இடம் இல்ல' என்று அவர் மனதார நம்பினார். இருவருமே நம்பினார்கள். இருவரும் பொய் சொன்னால் கோர்ட்டுக்கு வேலை சுலபம். இருவரும் நம்பினால்தான் கஷ்டம்.

ஆடி மாதத்துப் புதன்கிழமை. சம்மனோடு போய் வாசலில் நின்றேன். முத்தாலம்மாள் சுறா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

(மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்: "சொறா இல்ல! வாளை!")

வாளை. திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், அம்மா. பார்த்தீர்களா, சாட்சியைத் திருத்த எதிரே ஒரு ஆள் இருந்தால்தான் உண்மை வெளியே வருகிறது! கோர்ட்டில் இதற்குக் குறுக்கு விசாரணை என்று பெயர். வாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையைக்கூடத் துடைக்கவில்லை.

"இன்னா அது?"

"சம்மன்மா. கோர்ட்லேருந்து வந்துருக்கு. இந்த இடத்துல ஒரு கையெழுத்து."

"வாங்க மாட்டேன். எட்த்துகினு போ."

"வாங்கணும்மா."

"வாங்கலன்னா இன்னா ஆவும்?"

அன்பர்களே, கவனியுங்கள். அந்த அம்மா கேட்டுவிட்டார்! சட்டம் படித்தவர் கேட்க வேண்டிய கேள்வியை, மீன் செதிலோடு நின்ற அந்தக் கை கேட்டுவிட்டது. வாங்காவிட்டால் என்ன ஆகும்? பதில் எனக்குத் தெரியும். வாங்க மறுத்தாலும் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், சொன்ன தேதிக்கு வராவிட்டால், வந்தவர் சொல்வதை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகலாம், வீடு போகலாம். ஒரு நிமிடப் பேச்சு. அதைச் சொன்னேனா?

அந்த நேரம் பார்த்து, ரோட்டு முனையில் என் பஸ் வந்துவிட்டது. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. நான் சொன்னது என்ன தெரியுமா? "ஒண்ணும் ஆவாதும்மா. ஒட்டிட்டுப் போறேன்."

"ஒட்டிக்கோ. கதவு இன்னா வந்து சாட்சியா சொல்லப் போவுது?" என்றார்.

பக்கத்து வீட்டுக் கிளியம்மாளைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தேன். கதவில் ஒட்டினேன். சம்மனின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'வாங்க மறுத்தார், கதவில் ஒட்டினேன்.' ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தேன். உட்கார இடம்கூடக் கிடைத்தது. கல்லைக் கண்டாலும் 'ஏன் இங்கே கிடக்கிறாய்' என்று கேட்கிற இந்தப் பூவராகன், அன்றைக்கு அந்த அம்மாவை 'ஏன் வாங்க மாட்டேன் என்கிறீர்கள்?' என்று கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்காமல் விட்ட ஒரே ஒரு 'ஏன்' அதுதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆவணி பிறந்தது. விசாரணை நாள் வந்தது. கோர்ட் வாசலில் நிற்கும் அலுவலக உதவியாளருக்கு ஒரு வேலை உண்டு: வழக்கு வந்ததும் வராந்தாவைப் பார்த்து மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அன்றைக்குக் கூப்பிட்டார். முத்தாலம்மாள்! தூணில் சாய்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்தாலம்மாள்! டீக்கடை வரை கேட்டது. முத்தாலம்மாள்! பதில் இல்லை. அந்த நேரத்தில் அந்த அம்மா கேளம்பாக்கம் மார்க்கெட்டில் 'வாங்கம்மா, பிரெஷ்ஷா கீது' என்று கூவிக்கொண்டிருந்தார். அவர் குரல் இங்கே கேட்கவில்லை. இந்தக் குரல் அங்கே கேட்கவில்லை. நீதிபதி அம்மா என் அறிக்கையைப் படித்தார். 'மறுத்தார், ஒட்டினேன்.' சரியாக இருந்தது. முறைப்படி இருந்தது. கன்னியப்பன் தன் பத்திரத்தைக் காட்டி, தன் சாட்சியைச் சொன்னார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. சில வாய்தாக்களில் தீர்ப்பு ஆனது: வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

அடுத்த ஆனி மாதம் நானே மறுபடி போனேன். இந்த முறை கையில் சம்மன் இல்லை. சுவாதீன வாரண்ட். வீட்டில் இருப்பவரை வெளியேற்றி, ஜெயித்தவர் கையில் வீட்டை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு. கன்னியப்பனும் என்னோடு வந்தார். போய்ப் பார்த்தால், வாசலில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

("செவப்பு!")

சிவப்பு. சிவப்பு நாற்காலி, அம்மா. என் கண்ணுக்கு வயதாகிவிட்டது. பளபளவென்று துடைத்து, நிழலாகப் பார்த்துப் போட்டிருந்தது. நான் களைத்துப்போய் உட்காரப் போனேன்.

"யோவ்! அதுல குந்தாத! அது உனுக்கு இல்ல!"

"பின்ன யாருக்கும்மா?"

"ஜட்ஜுக்கு. எப்ப வர்றாங்க?"

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இந்த முறை கேட்டேன். கேட்டேன், அன்பர்களே, பதினோரு மாதம் தாமதமாகக் கேட்டேன்! "ஏம்மா ஜட்ஜ் இங்க வரணும்?"

அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். இருவருக்குள் பிரச்சனை என்றால் ஊர்ப் பஞ்சாயத்து ஆள் அனுப்பும். அவர் வாசலில் நின்று வெற்றிலை பாக்கு நீட்டுவார். வாங்கினால், கூட்டத்துக்கு வரச் சம்மதம். வாங்காவிட்டால், 'எனக்கு மனக்குறை இருக்கிறது' என்று அர்த்தம். வாங்காதவர் வரும்வரை கூட்டம் கூடக் கூடாது. பெரியவர்களே நேரில் வந்து, உட்கார்ந்து, சமாதானம் சொல்லி அழைத்துப் போக வேண்டும். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் பேச்சைக் கேட்பது அந்த ஊரில் பாவம்.

முத்தாலம்மாள் ஓடி ஒளியவில்லை, ஐயா! கோர்ட்டை அவமதிக்கவில்லை, அம்மா! தனக்குத் தெரிந்த முறைப்படி, வெற்றிலையை வாங்காமல், நீதிபதி வந்து கூப்பிடுவார் என்று நாற்காலி போட்டுக் காத்திருந்தார். நானோ 'ஒண்ணும் ஆவாது' என்று சொல்லி, அந்த நம்பிக்கைக்கு முத்திரையும் குத்திவிட்டு வந்திருந்தேன்.

வாரண்டைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா கூச்சல் போடவில்லை. உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார். "நா இல்லாமயா பேசி முட்சிட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். வீடு போகிறதே என்பதைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. பிறகு நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். "போவ மாட்டேன். என்ன மிதிச்சிகினு போ."

கன்னியப்பனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அவருக்கும் குப்பத்தில் நிம்மதி இல்லை. வாரண்டோடு நாங்கள் வந்த அன்று காலைதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது; எதிராளி வராமல் ஜெயித்தவன் என்று உடனே கேலி, டீக்கடையில்கூட, "இன்னாபா, தனியா கபடி ஆடி கப்பு வாங்கிகினியாமே?" என்றார்களாம். "நீங்க எழுதிகினு போங்க சார்" என்றார் மெதுவாக. 'எதிர்ப்பு இருந்ததால் ஒப்படைக்க முடியவில்லை' என்று வாரண்டில் எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். போகும்போது அந்த அம்மாவிடம், ஒரு வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்: "கோர்ட்டுக்குப் பக்கத்துல சட்ட உதவி மையம் இருக்கும்மா. பொம்பளைன்னா வருமானமே கேக்க மாட்டாங்க, இலவசமா வக்கீல் வெச்சுக் குடுப்பாங்க. நாளைக்கே போ."

போனார். அங்கே கிடைத்தவர் ஹஃபீசா என்று ஒரு இளம் வழக்கறிஞர். குரோம்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். அவர் மூன்று மனுக்களைத் தயாரித்தார். ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று ஒன்று. முப்பது நாளில் கேட்டிருக்க வேண்டும், தாமதத்தை மன்னியுங்கள் என்று ஒன்று. அதுவரை வீட்டிலிருந்து வெளியேற்றாதீர்கள் என்று ஒன்று. வெளியேற்றுவதற்கு இடைக்காலத் தடை கிடைத்தது. ரத்து கிடைக்க வேண்டுமானால், ஏன் வரவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும்.

இங்கேதான் குப்பமே கூடி யோசனை சொன்னது. "சம்மனே வர்லன்னு சொல்லிடு. அமீனா எங்கியோ குந்திகினு பொய்யா எழுதிட்டான்னு சொல்லு. வேல முட்ஞ்சிது!" சுலபமான வழி. நல்ல வழியும்கூட, என்னைத் தவிர எல்லோருக்கும்! ஹஃபீசா முத்தாலம்மாளை நேராகப் பார்த்து, "அப்படிச் சொன்னா ஜெயிக்கலாம்மா. ஆனா நடந்தது அதுதானா?" என்று கேட்டாராம். அந்த அம்மா, "இல்ல பாப்பா" என்றாராம். "அப்ப நடந்ததச் சொல்லுங்க" என்றாராம் ஹஃபீசா.

விசாரணை நாள். மூன்று முறை கூப்பிட்டார்கள்; இல்லை, முதல் முறையிலேயே "கீறேன்!" என்று வந்து கூண்டில் நின்றார். நான் ஓரத்தில் நின்றேன். என் அறிக்கை சம்பந்தப்பட்டது என்பதால் எனக்கும் சாட்சிச் சம்மன். ஆம்! ஊருக்கெல்லாம் சம்மன் கொடுத்தவனுக்கே சம்மன்! வாங்கினேன்; வாயை மூடிக்கொண்டு வாங்கினேன்.

கன்னியப்பனின் வழக்கறிஞர் எழுந்தார். "சம்மன் வந்ததா?"

"வந்துச்சி."

வராந்தாவில் நின்ற குப்பத்து ஜனம் தலையில் அடித்துக்கொண்டது.

"வாங்க மறுத்தீர்களா?"

"ஆமா. நாந்தா வாங்கல. வெத்தல வாங்கலன்னா கூட்டம் கூடாது. ஜட்ஜு வந்து கூப்டுவாங்கன்னு நாக்காலி போட்டு வெச்சிருந்தேன்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாள் போட்டு வைத்திருந்தீர்கள்?"

"பதினோரு மாசம்மா. தெனம் தொடச்சி வெப்பேன். மழ வந்தா உள்ள எட்த்துப்பேன்."

சிரிப்பு நின்றது.

அந்த அம்மா ஒன்றை மட்டும் சொல்லவில்லை. 'ஒண்ணும் ஆவாதும்மா' என்று நான் சொன்னேனே, அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு நல்லது. எனக்கு வேலை போயிருக்கலாம். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனார். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். பூவராகன்! பூவராகன்! மூன்றாவது முறை கூப்பிடும்வரை என் கால் நகரவில்லை. கோர்ட்டின் கால் என்று பெருமை பேசினேனே, அந்தக் கால்!

உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தேன். ஆயிரம் பேர் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நான் எடுத்தது அன்றுதான். ஒட்டினாயா? ஒட்டினேன். சாட்சி உண்டா? கிளியம்மாள் உண்டு. இரு தரப்பும் கேட்டு முடித்துவிட்டார்கள். இறங்கலாம் என்று சொல்லியாகிவிட்டது. இறங்கியிருக்கலாம், அன்பர்களே. அறிக்கை சரி, முறை சரி, என் மடியில் கனமில்லை என்று காகிதம் சொல்லும். ஆனால் அந்த அம்மா மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, நான் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன் நீதிபதியிடம். "வாங்கலன்னா இன்னா ஆவும் என்று இவர் என்னைக் கேட்டார். ஒண்ணும் ஆவாது என்று நான் சொன்னேன். எனக்குப் பஸ் வந்துவிட்டது."

எழுத்தர் தட்டச்சை நிறுத்திவிட்டார். நீதிபதி அம்மா நான் சொன்னதைத் தாமே குறித்துக்கொண்டார். பிறகு உத்தரவு சொன்னார். சம்மன் கொடுத்த முறையில் பிழை இல்லை. ஆனாலும் வராததற்குப் போதிய காரணம் இருக்கிறது. தாமதம் மன்னிக்கப்பட்டது. ஒருதலைத் தீர்ப்பு ரத்து. முத்தாலம்மாள் முப்பது நாளில் தன் எதிருரையைத் தாக்கல் செய்ய வேண்டும். எனக்கு? எனக்கும் கிடைத்தது, விளக்கம் கேட்டு மெமோ! கைதட்டாதீர்கள், ஐயா, தவறு செய்தவனுக்கு மெமோ கொடுப்பதும் நீதிதான்.

பிறகு என்ன ஆனது என்று தாய்மார்கள் முகம் கேட்கிறது. முழு விசாரணை நடந்தது. கோர்ட் நியமித்த வழக்கறிஞர் ஒருவரும் சர்வேயரும் குப்பத்துக்கே போய் அளந்தார்கள். பழைய பத்திரத்தைத் தேடி எடுத்தார்கள். முடிவில் வீடு முத்தாலம்மாளுக்கு. வீட்டுக்குப் பின்னால் குளியலறை நின்ற ஆறடிப் பட்டை கன்னியப்பனுக்கு. இருவருக்கும் பாதி மகிழ்ச்சி, பாதி வருத்தம். குளியலறையை இடித்த அன்று நானும் போயிருந்தேன். "வருத்தமாம்மா?" என்றேன். "பேஜாருதான். ஆனா என்ன வெச்சிகினு அளந்தாங்க இல்ல" என்றார்.

அன்பர்களே! கருத்தூன்றிக் கேளுங்கள்! ஒரு குப்பத்து வெற்றிலையும் ஒரு கோர்ட்டின் சம்மனும் ஒரே வேரில் முளைத்தவை. இருவரையும் கேட்காமல் ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்லாதே. அந்த ஒரு வரியின் மேல்தான் முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை அத்தனை மாடியும் நிற்கிறது. வேறுபாடு ஒன்றுதான். வெற்றிலை காத்திருக்கும், சம்மன் தேதி சொல்லிவிட்டு நடந்துவிடும். யாருக்காகக் கோர்ட் கட்டினோம்? யாருக்குத் தேதி குறித்தோம்? யார் பெயரை மூன்று முறை கூவினோம்? அந்தக் கூவல் அந்த ஆளின் காதில் விழுந்ததா என்று எத்தனை பேர் கேட்டோம்?

அன்று முதல் ஓய்வு பெறும் நாள் வரை, எத்தனையோ பஸ்ஸை விட்டேன். மறுத்த ஒவ்வொருவரிடமும் வாசலில் நின்று சொன்னேன். இன்று உங்களிடமும் சொல்கிறேன். வாங்குங்கள்! வாங்குவது ஒப்புக்கொள்வது ஆகாது. கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஏற்பது ஆகாது. 'உன் பக்கத்தையும் சொல்லு' என்று இந்த நாடு உங்கள் வாசலுக்கு அனுப்பிய அழைப்பு அது. அழைப்பை வாங்குங்கள். அச்சமாக இருந்தால் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். புரியவில்லையா, கொண்டுவந்து கொடுப்பவரை விடாதீர்கள். பஸ் வந்தாலும் விடாதீர்கள்! 'வாங்காவிட்டால் என்ன ஆகும்?' என்று சட்டையைப் பிடித்துக் கேளுங்கள்!

மணி அடித்துவிட்டார் தலைவர். தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன். பேச இடம் தந்த சங்கத்துக்கும், பொறுமையைக் கடன் தந்த உங்களுக்கும், சுண்டலை இதுவரை தடுத்து வைத்திருந்த சமையல் தம்பிகளுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உட்காருவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை பாக்கி. முப்பத்தொரு ஆண்டுகள் கோர்ட்டில் இருந்தும், வாசலில் நின்று பெயர் கூப்பிடும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. வாளை மீனையும் சிவப்பு நாற்காலியையும் திருத்திய மூன்றாம் வரிசையைப் பார்த்து, இன்று கூப்பிடுகிறேன்.

முத்தாலம்மாள்!

முத்தாலம்மாள்!

("இன்னாத்துக்கு இத்தினி தபா கத்துற? கீறேன்யா! இங்கதான் கீறேன்!")

கேட்டீர்களா? மூன்றாவது முறைக்குத் தேவை இல்லை. தலைவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்: முத்தாலம்மாள் ஆஜர். எல்லோருக்கும் வணக்கம்.